கதவிடுக்கில் கண்ணாடி இழை

இணையத்துக்கான இழை தயாரிக்கும் தொழிற்சாலையில் ஆராய்ச்சி செய்யும் என் அக்காவுக்கு அங்கே வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘கோணல்’. கண்ணாடி இழை கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டாள். வளைப்பாள், சுருட்டுவாள், முடிச்சுப் போடுவாள். பெயர் பொருத்தம்தான். ஆனால் வெளியாள் யாராவது அப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வீடு வீடாகப் போய் இணைய இணைப்புக் கொடுப்பவள். தலைமுடி அளவுக் கண்ணாடி இழைக்குள் ஒளியாகத்தான் இணையம் ஓடுகிறது. அழுத்தி மடக்கினால் ஒளி வெளியே கசிந்து நெட் படுத்துவிடும். மூலை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? அலமாரிக்குப் பின்னால், கதவு நிலையைச் சுற்றி, எங்கு பார்த்தாலும் மூலைதான். கசிந்தால் திட்டு எனக்கு. “ஒழுங்கா மாட்டத் தெரியாதா?” என்று அக்காவின் மேலாளரே ஒருமுறை, அவர் வீட்டு நெட் படுத்தபோது, என்னைக் கேட்டுவிட்டார். அக்கா அன்றைக்குச் சாப்பிடாமல் கொதித்தாள்.

“தப்பு உன் கையில இல்லடி, இழையில இருக்கு. நான் மாத்துறேன் பாரு.”

ஒளி ஓடும் நடுப்பகுதியைச் சுற்றி, தப்பிக்கப் பார்க்கும் ஒளியை உள்ளேயே திருப்பிவிடும் ஒரு கண்ணாடி வளையம் வைத்தாள். எப்படி மடக்கினாலும் ஒளி கசியவில்லை. ஆனால் பழைய இழையோடு சேர்க்கப் போனால், ஒட்டும் மெஷின் அந்த வளையத்தையே நடுப்பகுதி என்று நினைத்துக்கொண்டு கோணலாக ஒட்டித் தொலைத்தது. “விட்டுடுங்க மேடம்” என்றார் மேலாளர். இவளா விடுவாள்? வளையத்தை மெலிதாக்கி, தள்ளி வைத்து, மெஷின் வழிக்கு வரும்வரை விடவில்லை.

இழை வாங்கும் நிறுவனத்தார் அதைப் பார்க்க வந்தார்கள். பிடித்தால் உற்பத்தி, இல்லையென்றால் அக்காவின் ஆராய்ச்சிக்கு அன்றோடு மூடுவிழா. மாட்டிக் காட்ட என்னையும் கூப்பிட்டிருந்தாள். மேலாளர் வழவழப்பான ஒரு தடித்த உருளையை நீட்டி, “இதுல சுத்திக் காட்டுங்க, போதும். வம்பு வேண்டாம்” என்று அவள் காதைக் கடித்தார். அங்கே எல்லோரும் அப்படித்தான் சோதிப்பார்கள். உருளை மாதிரி யார் வீடு கட்டியிருக்கிறார்கள்?

அக்கா உருளையை ஓரமாக வைத்தாள். “கதவு நிலையைச் சுத்தி மாட்டுடி. வீட்டுல எப்படி அடிப்பியோ அப்படியே அடி.”

மூலைகளில் இழையை இறுக்கிக் கிளிப் அடித்தேன். அதன் வழியே திரையில் ஒரு படம் ஓடத் தொடங்கியது. மிச்ச இழையைக் கதவிடுக்கில் விட்டு, அவள் கதவை ஓங்கிச் சாத்தினாள். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தியமாக, நானும்தான்.

திறந்து பார்த்தால், திரையில் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. வந்தவர்களில் மூத்தவர் எழுந்துவந்து, தானே கதவைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்தார். பிறகு, “எப்ப அனுப்புவீங்க?” என்றார்.

அவர்கள் போனதும் மேலாளர் பிடித்துக்கொண்டார். “அவங்க முன்னாடி படம் நின்னு போயிருந்தா? மொத்தமும் போயிருக்குமே மேடம்!”

“போயிருக்கட்டும் சார்” என்றாள் அக்கா. “இங்க தாங்காததை வீட்டுக்கு அனுப்பலாமா? அங்க போச்சுன்னா திட்டு வாங்கப் போறது நீங்களா? இவதான் சார். என் தங்கச்சி.”