அன்வருதீனின் துணிச்சல்

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குத் துணிச்சல் என்றால் என் மச்சான் அன்வருதீன்தான். பாத்திரக்கடைக்காரர், வயது ஐம்பத்தாறு. ஹெல்மெட் இல்லாமல் சிக்னலைத் தாண்டி, போலீஸ்காரரைப் பார்த்துக் கையாட்டினால் அது துணிச்சல். அப்பன் வயசு டீ மாஸ்டரை "டேய்" என்று கூப்பிட்டால் அதுவும் துணிச்சல். அவர் மனைவி, என் தங்கை ஜரினா, கறிக்கடையில் எலும்பைக் குறைத்துப் போடச் சொன்னால் மட்டும் அதற்குப் பெயர் திமிர். இப்படிப் பெயர் வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மச்சான் தன் மகள் சானியாவுக்குக் கடலூரில் மாப்பிள்ளை பார்த்தார். கல்யாணம் ஆனதும் அவள் லேப் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அவள் இந்த மாப்பிள்ளையே வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாள். "கொழுப்பு" என்று சொல்லிவிட்டு மச்சான் மண்டபம் பிடித்தார்.

நிக்காஹ் அன்று தகப்பனும் இரண்டு சாட்சிகளும் மணப்பெண்ணின் அறைக்குப் போய்ச் சம்மதம் கேட்பது வழக்கம். சாட்சிகள் நானும் தையல்காரர் ஸாகிபும். பெண் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தாலே போதும், சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். சானியா முக்காட்டை விலக்கினாள்.

"சம்மதம் இல்ல அத்தா. எனக்கு வேணாம்."

திரும்பி வந்தோம். சபை நிறைய ஆட்கள். சம்பந்தியைப் பார்த்ததும் மச்சானுக்கு வியர்த்துக் கொட்டியது. பெண் என்ன சொன்னாள் என்று நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஸ்ரத் கேட்டார்.

"சரின்னுட்டா ஹஸ்ரத்" என்றார் என் மச்சான். சீ! பெற்ற மகளை விற்றுத் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் மனிதர்.

ஸாகிப்தான் எழுந்தார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். "இல்லீங்க ஹஸ்ரத். அந்தப் பொண்ணு வேணாம்னுச்சு. பொய்ச் சாட்சி என்னால சொல்ல முடியாது."

ஹஸ்ரத் நிக்காஹ் பதிவுப் புத்தகத்தை மூடினார். நிக்காஹ் நின்றது.

இப்போது தெருவில் ஸாகிபுக்குத்தான் திமிர் பிடித்தவர் என்று பெயர். சிலர் அவரிடம் துணி தைக்கக் கொடுப்பதில்லை. மச்சான் மறுநாளே கடையைத் திறந்துவிட்டார். "இவ்ளோ அசிங்கத்துக்கு அப்புறமும் என்னா துணிச்சல் பாரு!" என்று அதையும் மெச்சுகிறார்கள். தூ!

போன வாரம் லேப்புக்குப் போகிற வழியில் சானியா என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"நான் சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சுல்ல மாமு?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.