மெனேஜரின் சட்டையில் மினுங்கிய மருந்து

பன்விலயிலிருந்து செய்தி வந்தபோது மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நாகேஸ்வரி மிஸ் போய்விட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார். எங்கள் பல்லேகலக் கடதாசி ஆலையின் ஆய்வுகூடத்தை ஆட்டிப்படைத்தவர். "நல்லா ஓடுதுல்ல? அப்ப எதையும் தொடாதீங்க" என்று அவர் அதட்டுவது காதில் கேட்டது. நானும் தொடவில்லை. ஷிப்ட்டை முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

அவருடைய வாய்க்கு நாங்கள் எல்லோரும் பயந்தவர்கள்தான். அந்த வாய்தான் எனக்குச் சோறு போட்டது.

கடதாசிக் கூழில் நாரைப் பிடித்துவைக்க ஒரு மருந்து விடுவோம்; அது குறைந்தால் கடதாசி அறுந்துவிடும். ஊதா விளக்கில் மினுங்கும் சாயத்தை அதில் துளியளவு கலந்தவர் மிஸ். வடியும் தண்ணீரில் அந்த மினுக்கத்தை மீற்றர் அளக்கும். மினுக்கம் கூடினால், மருந்து வீணாகிறதென்று பம்பு தானே குறைத்துக்கொள்ளும்.

ஒரு வருஷம், பாடசாலை விடுமுறை முடிந்த கையோடு, கடதாசி அறுந்துகொண்டே இருந்தது. மீற்றரோ மருந்து தாராளம் என்றது. மெஷினில் நின்றவன் நான். யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் மெனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்.

"மீற்றர் சரி, மருந்தும் சரி. அப்ப பிழை உம்மிலதான். நாளைக்கு வர வேண்டாம்."

வீட்டில் கைக்குழந்தை.

கதவைத் தட்டாமலே உள்ளே வந்த மிஸ் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். கையிலிருந்த ஊதா விளக்கை மெனேஜரின் சட்டைக் கையில் பிடித்தார். வெள்ளைச் சட்டை நீலமாக ஜொலித்தது.

"சேர், நம்ம மருந்தை உங்க சட்டையிலயும் ஊத்திட்டோமா?"

"இது சவர்க்காரத் தூளின்ர வெள்ளையெல்லோ?"

"அந்த மாதிரி வெள்ளை கொப்பித் தாள்லயும் இருக்குங்க சேர். இந்த வாரம் கூழுக்குப் போனதெல்லாம் பிள்ளைங்க எழுதி முடிச்ச கொப்பி. அந்த மினுக்கத்தை மீற்றர் மருந்துன்னு நெனச்சிருச்சு. பம்பு குறைச்சிருச்சு. இவர் என்ன பண்ணுவார்? மீற்றரை வச்சது நான். நிறுத்துறதுன்னா என்னை நிறுத்துங்க."

பம்பைக் கையால் கூட்டினோம். அறுப்பு நின்றது. மெனேஜர் என்னிடம், "நாளைக்கு நேரத்துக்கு வாரும்" என்றார். மிஸ் அடுத்த மாதமே வேறு நிறத்தில் மினுங்கும் சாயத்துக்கு மாற்றினார்.

சாவு வீட்டில் எல்லோரும் வெள்ளையில் நின்றோம். ஓய்வுபெற்ற மெனேஜரும் வந்திருந்தார். என்னைக் கண்டதும் தன் சட்டைக் கையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டார்.

இன்று ஷிப்ட்டுக்குப் பொறுப்பு நான். மிஸ்ஸின் ஊதா விளக்கு என் மேசையில் இருக்கிறது. கடதாசி அறுந்து, எவனையாவது வீட்டுக்கு அனுப்பலாம் என்று கோபம் வரும்போது, அதை முதலில் என் சட்டையில் பிடித்துப் பார்க்கிறேன்.