தங்கச்சிக்கு வந்த நோர்வேப் பெயர்

தங்கச்சி பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்த வயதில் நான் எவரையும் நம்புவதில்லை, அப்பாவை அறவே இல்லை. தீட்டு நீங்கிப் பெயர் வைக்கும் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு நெருங்கியும் எங்கள் லிட்கம் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் அகப்படவில்லை. பூச நட்சத்திரமாம், ‘டா’வில் தொடங்கவேண்டுமாம். தமிழில் ‘டா’வுக்கு எங்கே போவது? அப்பாவின் அக்காவான மாமி போனில் தேடிக் களைத்துப்போனார்.

“டாக்னி எண்டு வைப்பம்,” என்றார் அம்மா, பிள்ளையைத் தட்டிக்கொண்டே.

“அதென்ன பேர்?” என்று மாமி அம்மாவைத்தான் கேட்டார். முந்திக்கொண்டு பதில் சொன்னது அப்பா.

“நோர்வேப் பேர். புதுநாள் எண்டு அர்த்தம்.”

ஓடிப்போய் இணையத்தில் தேடிப் பார்த்தேன். பழைய நோர்ஸ் மொழியில் ‘நாள்’, ‘புதிது’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்ததாம். நோர்வேயிலேயே இப்போது அந்தப் பெயர் அரிதாம். அப்படியானால் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? கலியாணத்துக்கு முன் அவர் நோர்வேயில் அகதியாக இருந்து மீன் பக்டரியில் வேலை செய்தவர். அந்தக் கதைகளில் மீன் வரும், பனி வரும், மனிதர் ஒருவரும் வரமாட்டார்கள்.

மாமி அம்மாவைக் குசினிக்குள் இழுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“உமக்கென்ன விசரே? அந்த டாக்னி ஆரெண்டு தெரியாதே?”

“ஓம் மச்சாள், தெரியும். கலியாணத்துக்கு முந்தியே எல்லாம் சொன்னவர். ‘டா’வில வேற பேர் இருந்தாச் சொல்லுங்கோ.”

ஐயோ, என் அம்மாவைப்போல விவரமறியாத ஒரு பேய்ச்சி உண்டா! அப்பா எங்களை விட்டுவிட்டு அந்த நோர்வேக்காரியிடம் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கார்ச் சாவியைத் தொட்டாலே பின்னால் ஓடினேன்.

துடக்குக் கழிவன்று மாமி கசாயம் குடித்த முகத்தோடு பிள்ளையின் காதில் பெயரை மூன்று தரம் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, அம்மா அப்பாவைக் கூப்பிட்டார்:

“இஞ்சருங்கோ, டாக்னி நனைச்சுப்போட்டாள். நப்பியை மாத்துங்கோ!”

அன்றிலிருந்து இதே பாடுதான். டாக்னிக்கு வயிற்றோட்டம், டாக்னிக்கு மூக்கு வடிகிறது, டாக்னி சத்தி எடுத்துவிட்டாள். முதலில் ஒவ்வொரு தரமும் அப்பா திடுக்கிட்டார். சில மாதங்களில், “டாக்னி, மண்ணைத் தின்னாதை!” என்று அவரே வளவெல்லாம் கேட்கக் கத்தினார்.

நான் மட்டும் அவர் முகத்தில் நோர்வேயைத் தேடிக்கொண்டே இருந்தேன். அம்மா தேடவேயில்லை. ஏன் என்று விளங்க எனக்கே ஒரு கலியாணம் தேவைப்பட்டது.