தேவராஜன் அண்ணன் ராவாமல் வைத்த சிலிண்டர்கள்

மெக்கானிக் தேவராஜன் அண்ணன் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தூக்கத்திலேயே காலமானார். அவர் மனைவி சரோஜா அண்ணிதான் எனக்குப் போன் செய்தார். "தம்பி, அவரு எழுந்துக்கல. வந்துடு," என்றார். நான் ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்பவன், எழுதிப் பழக்கமில்லை. அவரிடம் வண்டி விட்டவர்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினைத் திறந்து, சிலிண்டரில் காற்றும் புகையும் போய்வரும் வாசல்களை அரத்தால் ராவிப் பெரிதாக்கி, வேகம் கூட்டிக் கொடுப்பது அண்ணனின் தொழில். ஆனால் வண்டியோடு வந்த சிலிண்டரில் அவர் அரம் வைக்கவே மாட்டார். எங்காவது பழைய சிலிண்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து அதைத்தான் ராவுவார். கம்பெனி சிலிண்டரைக் கழற்றி, எண்ணெய் பூசி, லுங்கித் துணியில் சுற்றி, சொந்தக்காரர் பேரைப் பெயிண்டால் எழுதிச் சுவரோரம் அடுக்கிவிடுவார்.

அந்த அடுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. அண்ணனின் பட்டறைக் கொட்டகையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் இடத்துக்காரர். பழைய இரும்புக்காரர் தராசோடு வந்து நின்றபோது அண்ணி குறுக்கே நின்றுகொண்டார். "ஊரார் பொருளுப்பா இது. எடைக்குப் போட்டுட்டா போய்ச் சேந்த மனுசனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

நான் அவரிடம் முதலில் போனது வேகம் கேட்டுத்தான். சந்தவாசல் பக்கம் தறியிலிருந்து சேலை அறுக்கும் நாளில் முதலில் போய் நிற்கிற வியாபாரிக்குத்தான் நல்ல சேலை கிடைக்கும். அண்ணன் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாவாரி, காலியா போவறதுக்கு வேகம் வேணும். பாரம் கட்டிகினு வர்றதுக்கு இழுவ வேணும். ரெண்டும் ஒரே எஞ்சின்ல கேட்டா நான் எங்கப் போவேன்? ஒன்னு சொல்லுங்க."

"வேகம்தாண்ணே. ஜல்தியா செஞ்சி குடுங்க."

"செய்யலாம். சேலக் கட்ட டேங்க் மேல வெச்சி எட்த்தாங்க. பின்னால கட்னா சைலன்சரு எண்ணெ துப்பும், அப்புறம் பேஜாரு."

வண்டி பறந்தது. எல்லோருக்கும் முன்னால் போய் நல்ல சேலையாக எடுத்தேன். திரும்பும்போது, கட்டின் கனத்தோடு ஒரு சின்ன மேட்டில் வண்டி முனகி நின்றுவிட்டது. நான் தள்ளிக்கொண்டிருக்க, பிந்தி வந்த போட்டி வியாபாரி ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனார். மறுநாள் இதைச் சொன்னதும் அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு லுங்கித் துணியைப் பிரித்து என் கம்பெனி சிலிண்டரை எடுத்து மாட்டினார்.

"இதுக்குத்தான் இத்த ராவறதில்ல. ராவிட்டா ராவினதுதான். இரும்பு இன்னா தலமுடியா, திரும்ப வளர்றதுக்கு?"

நாளாவட்டத்தில் தெருவெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் வந்துவிட்டன. "பணம் நான் போடுகிறேன், புது வண்டி சர்வீஸ் வையுங்கள்" என்று பலமுறை கேட்டேன். "அது ஓட்றது இல்லீங்க, ஒக்காந்துகினு போறது," என்றார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அண்ணி பட்டு நூல் இழைத்த கூலியில்தான் பல வருடம் அந்த வீட்டில் உலை கொதித்தது. இதில் மெச்ச ஒன்றுமில்லை. அவர் பிடிவாதத்தின் பாரத்தை இழுத்தது வேறொருவர்.

பழைய வண்டி சேர்ப்பவர்கள் சென்னையிலிருந்து வந்து அந்தச் சிலிண்டர்களுக்கு விலை கேட்டபோதும் அவர் அசையவில்லை. "இன்னும் எதுக்குண்ணே இந்தக் காவல்?" என்றேன். "அவங்க குட்த்துட்டுப் போனாங்க, வித்துட்டுப் போவல," என்றார்.

காரியம் முடிந்ததிலிருந்து, துணியில் இருக்கும் பேரைப் படித்துப் படித்துப் போன் செய்துகொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது. பலர் உயிரோடு இல்லை. தேவிகாபுரத்துக்காரர் ஒருவர், "வண்டியே பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சிங்க. சிலிண்டர வெச்சிகினு பொங்கலா வெக்கிறது?" என்றார். பிறகு, "இன்னுமா வெச்சிகினு இருந்தாரு?" என்று கேட்டார்.

நேற்று பாபு வந்தார். செய்யாரில் கம்பெனி வேலை. ஷிப்டு இல்லாத நேரத்தில் அண்ணனைப் போலவே எஞ்சின் ராவுகிறவர். கொட்டகையில் இருக்கும் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் கண் ராவாத சிலிண்டர்கள் மேல் இருப்பது எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்தது.

"வெச்சிக்கோ. ஆனா அரம் வெக்கக் கூடாது."

"எவ்ளோ நாளிக்கிங்க அண்ணி?"

"அவரு யாருக்குனா கெடு வெச்சாரா? நீ மட்டும் இன்னா கெடு கேக்கற?"

பாபு என் முகத்தைப் பார்த்தார். வியாபாரியாக நான் ஏதாவது நடுவில் பேசி முடிப்பேன் என்று நினைத்திருப்பார். நான் அண்ணி பக்கம் போய் நின்றுகொண்டேன். கடைசியில் பாபு தலையாட்டினார். சிலிண்டர்களை ஒவ்வொன்றாக அண்ணியே தூக்கி, துணி நழுவாமல், அவர் கையில் கொடுத்தார்.

நிம்மதியாகப் போய் வாருங்கள், அண்ணே.

பேசி முடித்தது இதுதான். லேத்தும் அரங்களும் மற்ற சாமான்களும் இரும்பு விலைக்குப் பாபுவுக்கு. சிலிண்டர்களுக்கு விலை இல்லை. அவை செய்யாரில் அவர் வீட்டில் இருக்கும். சொந்தக்காரரோ அவர் பிள்ளைகளோ பேரைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. அவர்களில் ஒருவர் நேரில் வந்து, "எனக்கு வேண்டாம், நீ ராவிக்கோ," என்று வாயால் சொல்லும்வரை, அந்தச் சிலிண்டர்மேல் அரம் படக் கூடாது.