நர்ஸம்மா படுத்த நாற்பத்தைந்து நாள்

கிராம நர்ஸ் வேலையில் பாதி ஊசி, மீதி திட்டு. ஊசியை அரசாங்கம் கொடுத்துவிடும். திட்டு மட்டும் நம் சொந்தத் தயாரிப்பு. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய குடியிருப்புகளில் பதினெட்டு வருஷமாக இரண்டையும் தாராளமாக வழங்கி வந்தவள் நான். தோளில் தடுப்பூசி ஐஸ் பெட்டி, மடியில் பதிவேடு, உப்புப் பாத்தி வரப்பு மேல் மொபெட். என் முதுகு என்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

2005 பங்குனியில் அதுவே பதில் சொன்னது. குழந்தைகளுக்கு எடை பார்க்கும் மெஷினைத் தூக்கக் குனிந்தேன், நிமிரவில்லை. இடது கால் மரத்துப்போய், பாண்டியில் டிஸ்க் ஆபரேஷன் செய்து, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். குனியக் கூடாது, ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது, கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, வண்டி ஏறவே கூடாது. நாற்பத்தைந்து நாள். முதுகு வலிக்காரர்களே, உங்களுக்கும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீங்களும் என்னைப் போலத்தான் தலையாட்டியிருப்பீர்கள்.

எனக்கு வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பூங்காவனம். உப்பு வாரும் பெண், எட்டு மாசம். முதல் பிரசவத்தில் வீட்டிலேயே பெற்று, ரத்தம் நிற்காமல் கிடந்தவளைப் பாதி உயிராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். நான் ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் பார்த்துக் கண் விழித்திருக்கிறாள். சுற்றிலும் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பயம் அவளை விடவில்லை. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு வர ஒரே நிபந்தனை, நான் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்கிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தேன். அடுத்த வாரமே படுத்துவிட்டேன்.

சொல்லாமல் போனவள்

ஆபரேஷன் முடிந்து வந்த மூன்றாம் நாளே உப்பளப் பெண்கள் பார்க்க வந்துவிட்டார்கள். அவர்களுக்கு விடியற்காலையில் வேலை தொடங்கி, வெயில் ஏறும்முன் முடிந்துவிடும். கால் கழுவியும் போகாத உப்போடு பத்துப் பேர் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். உடம்பு எப்படி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லார் முகத்திலும் கோபம்.

அலமேலுதான் வாயைத் திறந்தாள். மூன்று பிள்ளைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு நான் கையைப் பிடித்து இழுத்துப் போனவள் அவள். வழியெல்லாம் அழுதவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, வார்டு வாசலிலேயே காத்துக் கிடந்தேன். அதை அவள் மறக்கவில்லை. சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்: "ஊர்ல இருக்கிற அத்தினி பேரையும் ஆபரேஷனுக்குக் கூட்டிக்கினு போனீங்க. உங்களைக் கூட்டிக்கினு போக நாங்க ஒருத்தி கூடவா இல்ல?"

தலையணைக்கு அடியில்

சுண்ணாம்புச் சத்து மாத்திரை என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். புளியங்கொட்டை அளவு. தொண்டையில் நின்றுகொண்டு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கொண்டுவந்து கொடுக்கும் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் மாத்திரை தலையணைக்கு அடியில் போய்விடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு வாரம் இப்படி நடந்தது.

இந்த வித்தையை நான் யாரிடம் கற்றேன் என்று நினைக்கிறீர்கள்? கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையை அரிசிப் பானையில், கூரை ஓலையில், சாமி படத்துக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் கண்டெடுத்தவள் நான். சரசு வீட்டில் கோழிக் கூட்டுப் பக்கம் கண்டெடுத்த அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். அதே சரசு என் தலையணை உறையை மாற்றித் துவைத்துத் தருகிறேன் என்று ஆசையாக உருவினாள். பொலபொலவென்று ஏழு மாத்திரை தரையில் உருண்டது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எங்க ஊட்டுலயாவது கோழி துன்னுச்சு, நர்ஸம்மா. இங்க அதுவும் இல்லியே."

ஓட்டை நாற்காலி

கீழே குந்தக் கூடாது என்றதும் வீட்டில் பெரிய பிரச்சினை எழுந்தது. எது என்று முதுகு வலிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் அந்தோணி வானூரில் ஒரு ஆபீசில் கிளார்க். பேனாவைத் தவிர வேறு ஆயுதம் பிடித்தறியாதவர். அவர் கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டுவிட்டார். பாத்ரூமில் வைத்துப் பார்த்து, இரண்டு நாள் அதன் பெருமையாகவே இருந்தார்.

மூன்றாம் நாள் அதைப் பினாயில் விட்டுக் கழுவி, காய்ந்ததும் என் அறை மூலையில் வைத்திருந்தார். அன்று பார்த்து உப்பள மேஸ்திரி நலம் விசாரிக்க வந்தார். நல்ல கனத்த ஆள். வெளியே உப்பு வெளிச்சத்தில் கண் கூசி உள்ளே வந்தவர், "இருக்கட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே கைக்கு எட்டிய நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பாதிதான் உண்மை. மீதி உள்ளே போய்விட்டது. அந்தோணி ஒரு கையும் மேஸ்திரியோடு வந்த டிரைவர் ஒரு கையும் பிடித்து இழுத்து எடுத்தார்கள். சிரித்தால் முதுகு வலிக்கும், சிரிக்காவிட்டால் உயிர் போய்விடும். நான் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேஸ்திரி கேட்டார்: "ஏன் நர்ஸம்மா, ஆபரேஷன் உங்களுக்கா, நாற்காலிக்கா?"

ரசம்

அந்தோணி முதல் வாரம் லீவு போட்டுச் சமைத்தார். அவர் வைத்த ரசத்தில் மிளகு இருந்தது, பூண்டு இருந்தது, பாசமும் இருந்தது. உப்பு இல்லை. பக்கத்து வீட்டு மும்தாஜ், கணவர் துபாயில் இருப்பதால் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக எதிரே தெரியும் உப்புக் குவியலைக் காட்டினாள். "யா அல்லா! அண்ணே, மலை மாதிரி கொட்டி வச்சிருக்காங்க. ஒரு கை அள்ளிப் போட்டா யாரு கேக்கப் போறாங்க?"

திட்டத் தெரியாத பெண்

என் இடத்துக்குக் கிளியனூர்ப் பக்கமிருந்து கலைச்செல்வி என்ற நர்ஸைக் கூடுதல் பொறுப்பாகப் போட்டார்கள். இருபத்து நான்கு வயது. பிள்ளைகளை "கண்ணு" என்பாள், கிழவிகளை "அம்மா" என்பாள். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டு "வலிக்குதா?" என்று கேட்பாள். என் வாழ்நாளில் நான் கேட்காத கேள்வி அது. போகிற வழியில் என்னிடம் வந்து, யார் வீடு எங்கே, யாருக்கு என்ன பயம் என்று கேட்டு எழுதிக்கொள்வாள். கெட்டிக்காரி. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் பூங்காவனம் அவளிடம் பிடி கொடுக்கவில்லை. கலைச்செல்வி மூன்று தடவை நடந்தாள். மூன்று தடவையும் பூங்காவனம் மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். நான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு பூங்காவனம் சொன்னாள்: "நல்ல பொண்ணுதான். ஆனா திட்டவே மாட்டேங்குது. ஊசி போட்டுக்கின மாதிரியே இல்ல."

பிள்ளையிடம் சொன்னது

நான்காம் வாரம் பெல்ட்டோடு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தேன். கட்டிலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வாசல். பூங்காவனம் வாரம் தவறாமல் வந்து அதை உட்கார்ந்து பார்த்தாள், பெண் பார்க்க வந்தவளைப் போல. அவள் வயிறு இறங்கியிருந்தது. கால் வீங்கியிருந்தது. எனக்குக் கதிகலங்கியது. நான் வர முடியாமல் போனாலும் நீ போயே ஆக வேண்டும், போன தடவை நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். படுத்தபடி திட்டினால் திட்டு எடுபடாது என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். யார் சொன்னாலும் வீட்டிலேயே பெற்றுக்கொள்வாள் என்று அவள் புருஷன் ஏழுமலை வேறு கையைப் பிசைந்தான்.

அவளுக்கோ ஒரு கவலையும் இல்லை. மும்தாஜ் கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, வயிற்றைத் தட்டிக் காட்டிச் சொன்னாள்: "புள்ளைகிட்ட சொல்லிட்டேன். நர்ஸம்மா எழுந்திரிக்கட்டும், அப்புறம் வான்னு."

வேன் வந்தது

பிள்ளை அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. ஏழுமலை முன்னால், பின் சீட்டில் பூங்காவனம், அவள் முதுகைத் தடவியபடி கலைச்செல்வி. வலி கண்டதும் கலைச்செல்வி ஓடிப்போய் எப்படியோ வேனில் ஏற்றிவிட்டாள். ஆனால் நர்ஸம்மா வீட்டு வழியாகத்தான் போக வேண்டும், நர்ஸம்மா ஏறினால்தான் பாண்டி, இல்லாவிட்டால் திரும்பி வீட்டுக்கு என்று பூங்காவனம் கறாராகச் சொல்லிவிட்டாளாம்.

நான் யோசிக்கவே இல்லை. பெல்ட்டை இறுக்கினேன், செருப்பை மாட்டினேன். "அக்கா, டாக்டர் இன்னா சொன்னாரு!" என்று மும்தாஜ் பின்னாலேயே வந்தாள். நான் காதில் வாங்கவில்லை. கொடுத்த வாக்கு, போன தடவை போன ரத்தம், முப்பத்தைந்து கிலோமீட்டர் ரோடு, எல்லாம் சேர்ந்து தள்ளியது. வேன் கம்பியைப் பிடித்து, வலது காலைப் படியில் வைத்து எம்பினேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரு வெட்டு வெட்டியது. சத்தம் வெளியே வராமல் பல்லைக் கடித்தேன். ஆனால் பிரசவ வலியில் இருக்கிறவளிடம் வலியை மறைக்க முடியுமா? பூங்காவனம் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

அவளுக்கும் அதே நேரம் ஒரு வலி எடுத்தது. சீட்டைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை என்னையே பார்த்தாள். அடங்கியதும் கம்பியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு கத்தினாளே ஒரு கத்தல், தெருவே திரும்பிப் பார்த்தது. "இறங்குங்க மொதல்ல! அறிவு இருக்குதா உங்களுக்கு? இன்னொரு தபா முதுகை அறுத்துக்கணுமா? சொன்னா கேக்க மாட்டீங்களா? போய்ப் படுங்க!" பதினெட்டு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. இறங்கினேன். அவள் பயத்தில் அழுதுகொண்டிருந்தாள். என் விரல்களைப் பிரித்த கையாலேயே கலைச்செல்வியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் சொன்னாள்: "நீ எட்ரா வண்டிய. பாண்டிக்கு."

டெலிபோன்

அன்று நான் படுத்த மாதிரி அந்த நாற்பத்தைந்து நாளில் ஒரு நாளும் படுக்கவில்லை. மல்லாந்து, கையைக் காலை அசைக்காமல், டெலிபோனையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மும்தாஜ் ஒரு மூலையில் துவா செய்தாள், நான் ஒரு மூலையில் ஜெபம் செய்தேன். வாக்கு தவறிவிட்டேன் என்ற வெட்கம் ஒரு பக்கம், ரத்தம் நிற்க வேண்டுமே என்ற பயம் ஒரு பக்கம்.

நாலு மணிக்கு மணி அடித்தது. கலைச்செல்விதான். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, நல்ல அழுகை, ரத்தப்போக்கு அதிகமில்லை, ராத்திரிக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பதிவேட்டில் எழுதுகிற வரிசையில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் அழுதேன். தாயை ஒருமுறை கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். தூங்குகிறாள் என்றாள். பிறகு சொன்னாள்: "அக்கா, குழந்தையைக் கையில கொடுத்தேன். ஆணா பொண்ணான்னு கூட கேக்கல. 'நர்ஸம்மா போய்ப் படுத்தாங்களா, கேட்டுச் சொல்லு'ன்னுச்சு."

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பிரசவத்துக்குத் துணை நின்றிருக்கிறேன், படுத்தபடி துணை இருந்தது இது ஒன்றுக்குத்தான், அதை எழுதத்தான் அரசாங்கப் பதிவேட்டில் கட்டம் இல்லை.