பூனை கடித்தாலும் ஊசிதான்

ஊசி போடுகிறவளைத் தேடி ஆசையாய் ஓடி வந்த மனிதரை எங்கள் கல்முனைக் கரையில் நான் இன்னும் காணவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் தாதி, ஊர் வாயில் 'மிஸ்'; விசர்நாய்க்கடிக்கு, அதாவது வெறிநாய்க்கடிக்கு, ஊசி போடும் அறை எனக்கு. வருகிறவர்கள் நாய்மேல் உள்ள கோபத்தை என்மேல் இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற டீச்சர்மாரே, சந்தியில் ஹெல்மெட் போடச் சொல்லி ஏச்சு வாங்குகிற பொலிஸ்காரரே, அடுத்தவரின் நன்மைக்காக அவரோடேயே சண்டை பிடிக்கிற உங்கள் எல்லாருக்கும் இந்தக் கதைகள் விளங்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பணிந்து போகிற ஆள் இல்லை.

ஏழு தடவை

கடற்கரையில் நாய் கடித்த மீசைக்கார மகனை ஓர் உம்மா இழுத்துக்கொண்டு வந்தார். கெண்டைக்காலில் சேறு அப்பியிருந்தது. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணால் என்பது எங்கள் முஸ்லிம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்தது. உம்மா அதை அப்படியே காயத்துக்குள்ளும் செய்துவிட்டார். நான் அவனைக் குழாயடிக்குக் கொண்டுபோய், சவர்க்காரம் போட்டு, அவன் அலற அலறக் கழுவினேன்.

"கழுவினீங்களே உம்மா, அது பெரிய காரியம்," என்றேன். "தோல்தான் உடம்புக்கு மதில். மதில் உடைஞ்ச இடத்தில கிருமியத் தண்ணியால அடிச்சித் துரத்துறதுதான் முதல் வைத்தியம். ஆனா புண்ணுக்குள்ள மண் போட்டா உடம்ப வில்லா வளைக்கிற ஏற்புவலிக் கிருமியும் சேந்து வரும்." உம்மா மண் விஷயத்தைக் காதில் வாங்கவே இல்லை. மகனைத்தான் பார்த்தார்.

"கேட்டியா? முக்கால்வாசி வைத்தியத்த நான் வீட்டிலயே முடிச்சிட்டன். மிச்சத்தத்தான் மிஸ் செய்யப் போறா."

சந்தை அரிசி

வயலுக்குப் போன ஒரு போடியாரின், நிறையக் காணி உள்ள வயல்காரரின், கையை நாய் கிழித்துவிட்டது. பெரிய காயம் என்பதால் டொக்டர் இரண்டு விதமாக எழுதியிருந்தார்: புயத்தில் தடுப்பூசி, காயத்தைச் சுற்றி வேறொரு மருந்து. காயத்தைச் சுற்றிப் போடுவது நோகும். நோகாது என்று நான் யாருக்கும் பொய் சொல்வதில்லை.

போடியார் கையை இழுத்துக்கொண்டார். ஒன்று போதும், இரண்டும் ஒரே சாமான்தானே என்று வாதாடினார். ஒரே சாமான் இல்லை. தடுப்பூசி, கிருமியின் முகத்தை உடம்புக்குக் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்து, அந்தக் கிருமிக்கென்றே பொருந்துகிற எதிர்ப்பொருளை உடம்பு தானே செய்துகொள்ளும். ஆனால் அதற்கு நாள் எடுக்கும். மற்றது வேறோர் உடம்பில் செய்து முடிந்த எதிர்ப்பொருள். போட்டவுடன் வேலை செய்யும், கொஞ்சக் காலத்தில் கரைந்துபோகும். இவ்வளவையும் சொன்னபின் போடியார் யோசித்தார். பிறகு தானாகவே கையை நீட்டினார்.

"அப்ப நம்மட வெள்ளாம விளையிற வரைக்கும் சந்தையில அரிசி வாங்கித் திங்கிற கதைதான். இத முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் புள்ள வாயக் குடுக்கன்?"

மறக்காத ரத்தம்

எல்லாரும் ஊசி வேண்டாம் என்று சண்டை பிடிக்கிற அறையில், கூடப் போடு என்று சண்டை பிடித்தவர் திருக்கோவில் பக்கத்து அண்ணன் ஒருவர்தான். முன்பொருமுறை கடிபட்டு எல்லா ஊசிகளையும் ஒழுங்காகப் போட்டு முடித்தவர். மறுபடியும் கடிபட்டு வந்தபோது டொக்டர் குறைவாகவே எழுதினார். காயத்தைச் சுற்றிப் போடவே வேண்டாம் என்றுவிட்டார். "வேற ஊர் ஆள் எண்டு பாத்துக் குறைக்கிறீங்களா?" என்று அண்ணன் என்மேல் பாய்ந்தார்.

எனக்கும் கோபம் வந்தது. "உங்கட ரத்தத்திலதான் கேளுங்க அண்ணன்," என்றேன். முதல் தடவை கிருமியின் முகத்தைப் படித்த அணுக்களில் சில சாகாமல் உடம்புக்குள் காவல் இருக்கின்றன. லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும், பழைய எதிரி என்று அடையாளம் கண்டு முன்பைவிடக் கெதியாக எழும்பி வரும். அண்ணன் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"என்ட பொஞ்சாதி பழைய சண்டை ஒண்டையும் மறக்கமாட்டா. இப்ப பாத்தா என்ட ரத்தமும் அவட கட்சிதான் போல."

தொழுகைப் பாயில் படுக்கிற சீவன்

நாய் என்றால் ஏழு தடவை கழுவுகிற எங்கள் ஊர், பூனை கடித்தால் ஒரு தடவைகூடக் கழுவாது. பூனை வீட்டுப் பிள்ளை. இதை நினைத்து எனக்கு ஏறுகிற கோபம் கொஞ்சமல்ல.

எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை ராத்தா என்போம். மீன் விற்கிற இஸ்மாயில் காக்காவின் மனைவி றமீஸா ராத்தா, பிரஷர் குளிசை எடுக்க வந்த இடத்தில் சும்மா ஒரு கதை சொன்னார். வீட்டுப் பூனை காக்காவின் விரலைக் கடித்ததாம். பிறகு வாயில் நுரை தள்ளி, தள்ளாடித் திரிந்து செத்துப்போனதாம், பாவமாம். அது விசர் பிடித்த பூனை என்று எனக்கு உடனே பட்டது. இந்த நோய் மூளைக்கு ஏறி அறிகுறி காட்டிவிட்டால், பிறகு எந்த ஆஸ்பத்திரியாலும் ஆளைத் திருப்பித் தர முடியாது. அதற்கு முன்னால் ஊசி போட்டால் காப்பாற்றலாம். காக்காவை உடனே அனுப்பச் சொன்னேன். வரவில்லை. மறுநாள் போன் எடுத்தேன். அவர் சிரித்தார்.

"பூனை தொழுகப் பாயில படுக்கிற சீவன் மிஸ். அதுக்கிட்ட எங்கால விசர் வரும்?"

ஐஸ் பெட்டி

சீருடையோடு மீன் சந்தைக்கே போனேன். காக்கா விரலை நீட்டிக் காட்டினார். "எனக்கு எதிர்ப்புச் சக்தி கூட மிஸ். கொரோனா நேரம் சந்தையே படுத்திச்சி, நான் தும்மக்கூட இல்ல. இந்தா, கடிச்ச இடமும் காஞ்சிட்டு."

"அதுதான் பயம் காக்கா," என்றேன். "வேற கிருமி உள்ள வந்தா உடம்பில இரிக்கிற காவல்காரர் உடனே பாய்வாங்க. வீங்கும், சிவக்கும், சீழ் வைக்கும், காய்ச்சல் காயும். அதெல்லாம் அவங்க சண்டை பிடிக்கிற சத்தம். இந்தக் கிருமி சத்தம் போடாம நரம்புக்குள்ள பூந்து மூளைக்கு ஊரும். காவல்காரருக்குத் தெரியவே வராது. முகத்தப் படிச்சி ஆயுதம் செய்யிற ஆக்கள் வேற இரிக்காங்க. அவங்களுக்கு இப்பவே காட்டிக்குடுக்கணும். ஊசி அதுக்குத்தான்."

காக்கா பாரை மீனை வெட்டத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய ஐஸ் பெட்டியின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். விற்க வேண்டிய மீன் முழுக்க அதற்குள்தான். "நீங்க எழும்பினா நானும் எழும்புவன்," என்றேன். கூட்டம் சேர்ந்தது. யாரோ வீடியோ எடுத்தார்கள். எடுக்கட்டும். கடைசியில் பையோடு காத்து நின்ற ஒரு பெரியவர்தான் பொறுமை இழந்தார்.

"இஸ்மாயில், போய் ஊசியப் போடு மனே. இந்தப் புள்ள எழும்பாது, எனக்குப் பகல் கறிக்கி மீன் வேணும்."

விளக்கம்

நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. வேலை நேரத்தில் சந்தையில் என்ன வேலை என்று தாதிமாருக்குத் தலைவியான பெரிய மிஸ் கேட்டார். என் நோயாளி அங்கேதான் இருந்தார், தண்டனை தருவதென்றால் தாருங்கள், ஊசியைப் போட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"அடுத்த முறை போறெண்டா எனக்கிட்டச் சொல்லு. பாரை நல்ல பாரையா இரிக்கி."

தண்ணீர் கொடுத்த கை

காக்காவின் விரலைச் சுற்றி மருந்து ஏற்றினேன். நோவை மறக்க அவர் பூனையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றியும் கடைசி நாளில் அதற்கு இறங்கவில்லை என்றார். நான் ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டேன், வாயைத் திறந்தது யார்? "றமீஸாதான். அவட மடியிலதான் மௌத்தாப் போச்சி."

மீன்காரர் வீட்டில் நாளும் மீன் வெட்டுகிற பெண். அந்த விரல்களில் கத்தி வெட்டோ முள்ளுக் குத்தோ இல்லாத நாள் இருக்காது. கடிக்கத்தான் வேண்டும் என்றில்லை. பச்சைப் புண்ணில் எச்சில் பட்டாலே போதும். ராத்தாவுக்குப் போன் எடுத்தால், அடுப்பில் கறி இருக்கிறது, தனக்கு ஒன்றுமில்லை, பிறகு பார்ப்போம் என்றார். காக்கா போனைப் பறித்தார். காவல்காரர், நரம்பு, மூளை என்று எல்லாவற்றையும் ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் சொன்னார். பிறகு, "அடுப்ப அணைச்சிட்டு வா றமீஸா, எனக்கு நீ வேணும்" என்று அறை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

ராத்தா வந்தார். டொக்டர் விரல்களைப் பார்த்துவிட்டு அவருக்கும் எழுதினார். இருவரும் ஓர் ஊசியும் தவறவிடாமல் வந்து முடித்தார்கள். கடைசி ஊசி அன்று ராத்தா சட்டைக் கையை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை.

"பூனை ஆரக் கடிச்ச எண்டு ஊரே கேட்டிச்சி மிஸ். பூனைக்கு ஆர் தண்ணி குடுத்த எண்டு நீங்க ஒராள்தான் கேட்டீங்க."

என்னை ஏச விரும்புகிறவர்கள் தாராளமாக ஏசலாம். ஏசுவதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், முதலில் கையை நீட்டுங்கள்.