பாக்கெட்டில் இருக்கும் கைகள்

எங்கள் முறுக்குப் பாக்கெட்டில் இரண்டு கைகள் இருக்கும். வெள்ளைத் துணி மேல் முறுக்கு சுற்றும் கைகள். என் மனைவியுடையவை. முகம் கிடையாது. வேண்டாம் என்றது அவள்தான். நானும் சரி என்றேன்.

அவள் போய் ஒரு வருடம் ஆகப்போன சமயம். திதிக்கு வைக்க முகம் உள்ள படம் வேண்டியிருந்தது. தேடினேன். இல்லை.

நான் பூனா பக்கம் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் பெட்டி சுமந்து ஓய்வு பெற்றவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு அதுவும் இல்லை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் முறுக்குக்கு அச்சு வைத்துக்கொண்டதில்லை. மாவை விரலாலேயே முறுக்கி முறுக்கி ஐந்து சுற்று சுற்றுவாள். நான் ஓய்வு பெற்றதும் அதை பாலிதீன் பையில் கட்டி விஷ்ராந்த்வாடி, லோஹேகாவ் கடைகளுக்குக் கொண்டுபோனேன். பைக்குள் ஒரு துண்டுக் காகிதம். 'கை முறுக்கு' என்று பேனாவால் நானே எழுதுவேன். தமிழில். பூனாவில் அதை யார் படிப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தமிழ் வீடுகளில் வாங்கினார்கள். மற்றவர்கள் கடையில் தூக்கிப் பார்த்து, "சக்லி ஹை க்யா?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்கள். முறுக்குக்கு அங்கே சக்லி என்று பெயர். கடைக்காரர் பைகளை பினாயில் பாட்டில் பக்கம் தள்ளிவிட்டார்.

மகள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் போட்டோகிராபரை ஏற்பாடு செய்தாள். மராட்டிக்காரர். கடைப் பொருள்களைப் படம் எடுப்பதுதான் அவருக்குத் தொழில்.

"முறுக்கு நல்லாருந்தா வாங்குவான். போட்டோவையா திங்கப் போறான்?" என்றாள் மனைவி.

"அம்மா, பெஹலே பாக்கணும்ல. அப்புறம்தான சாப்பிடுவாங்க" என்றாள் மகள். அவள் தமிழ் அப்படித்தான், நடுநடுவே இந்தி வரும்.

காலை பதினொரு மணிக்கு வந்தார். சமையலறை ஜன்னலில் வெள்ளை பெட்ஷீட் கட்டினார். எதிர்ப்பக்கம் தெர்மகோல் அட்டையை நிறுத்தினார். எவர்சில்வர் தட்டைக் கண்ணைக் கூசுகிறது என்று ஒதுக்கினார். பூப்போட்ட ஆயில்கிளாத்தை உருவினார்.

"எல்லாத்துக்கும் நொட்டை சொல்லுதாரு" என்று முணுமுணுத்தாள்.

முதலில் அவள் தட்டோடு சிரித்தபடி நிற்க வேண்டும் என்றார். செய்கிறவர் முகம் தெரிந்தால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றார். மகள் தமிழில் சொன்னாள்.

"எம் மூஞ்சியா? தின்னுட்டுப் பையக் கசக்கிக் குப்பையில எறிவான். நாலு பேரு மிதிப்பான். நாயி இழுத்துட்டுப் போவும். வேண்டாம்."

என்ன சொல்கிறார் என்று அவர் என்னைக் கேட்டார். "நஹி போல்தி" என்றேன். வேண்டாமாம். அவர் கொஞ்ச நேரம் அவள் மாவு பிசைவதையே பார்த்தார். அப்படியானால் கையை மட்டும் எடுக்கிறேன் என்றார்.

அடுப்பில் முதல் ஈடு வெந்துகொண்டிருந்தது. அவளால் வர முடியாது. வெளிச்சம் பார்க்க அவள் இடத்தில் யாராவது உட்கார வேண்டும். நான் உட்கார்ந்தேன். அவள் கட்டப்போகும் பச்சைச் சேலையின் நிறம் எப்படி விழுகிறது என்று பார்க்க அதையும் என் தோளில் போட்டார். கையில் மாவு உருண்டை.

"காகா, ஹில்னா மத்." ஆடக் கூடாது.

பின்னால் அடுப்பிலிருந்து அவள் குரல் வந்தது. "ஏங்க, தலையக் குனிஞ்சிக்கிடுங்க. பொண்ணு பாக்க வந்திருக்காக."

"சும்மா கெட."

"வெக்கத்தப் பாரு! பொண்ணுக்குப் பாடத் தெரியுமான்னு கேக்காக."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். போட்டோகிராபருக்குத் தமிழ் தெரியாது. அவரும் சிரித்தார். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தார்.

பிறகு அவள் வந்து உட்கார்ந்தாள். ஒரே முறுக்கை எத்தனை தடவை சுற்றினாளோ. எடுத்து முடித்ததும் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினார். மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்பு தெரிந்தது. கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம் என்றார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். நான், "ரெஹ்னே தோ" என்றேன். இருக்கட்டும்.

புதுப் பாக்கெட் வந்தது. முன்னால் கை, கீழே மூன்று மொழியில் பெயர். கடைக்காரர் தானாகவே முன் தட்டுக்கு மாற்றினார். எழுத்தை யாரும் பார்க்கவில்லை. "ஹாத்வாலி சக்லி", கை போட்ட முறுக்கு, என்று கேட்டு வாங்கினார்கள். மகள் போனில் அதே படத்தைப் போட்டாள். நாங்கள் போகாத பேட்டைகளிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. அதே மாவு, அதே எண்ணெய். படம் மட்டும்தான் புதிது.

ஒரு நாள் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். ஒரு அம்மாள் பாக்கெட்டைப் பார்த்தாள். என் மனைவியின் கையைப் பார்த்தாள். மறுபடி பாக்கெட். "ஆப்?" என்றாள். நீங்களா? இவள் தலையை ஆட்டினாள். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் முழு வழியும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பை மட்டும் மறைக்கத் தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாரடைப்பு. காலையில் உளுந்து வறுத்தாள். மதியம் இல்லை.

இப்போது பக்கத்து வீட்டுப் பெண் முறுக்கு சுற்றுகிறாள். என் மனைவி கற்றுக்கொடுத்த பெண்தான். நன்றாகவே சுற்றுகிறாள். கடைக்கு நான்தான் கொண்டுபோகிறேன். தட்டில் அடுக்கும்போது கையாக வரும். வரிசையாகக் கை. தெருவில் காலிப் பாக்கெட் கிடந்தால் எடுத்துத் துடைத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். அவள் சொன்னது சரிதான். மிதிக்கத்தான் செய்கிறார்கள்.

முகத்துக்கு வருகிறேன். கல்யாண போட்டோ இருக்கிறது. அதில் இருப்பது பத்தொன்பது வயதுப் பெண். எனக்கு வேண்டியது ஐம்பத்தாறு வயதுக்காரி. அடையாள அட்டையில் உள்ளதைப் பெரிதாக்கினோம். யாரோ போல இருந்தது. மகள் போனில் நிறையப் படம் உண்டு. எதை எடுத்தாலும் என் மனைவி கையை நீட்டி முகத்தை மறைத்திருக்கிறாள்.

போட்டோகிராபரிடம் போனோம். விஷ்ராந்த்வாடியில் மாடியில் கடை. அவளை நினைவு வைத்திருந்தார். செய்தி கேட்டு எழுந்து நின்றார். பழைய படங்கள் இருக்கின்றன, நான் எதையும் அழிப்பதில்லை என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக வந்தது. கை. கை. முறுக்கு. கை. பிறகு வெளிச்சம் பார்க்க எடுத்தவை. பச்சைச் சேலையோடு நான். முறைத்துக்கொண்டு நான். மாவு உருண்டையோடு நான்.

"அப்பா, பீச்சே பாருங்க" என்றாள் மகள்.

பின்னால் அடுப்பு. அடுப்புக்கு முன்னால் அவள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். வாய் முழுக்கச் சிரிப்பு. கையில் கரண்டி. கை முகத்தை மறைக்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று மறைக்க மறந்திருக்கிறாள்.

ஆனால் தெளிவில்லை. கேமரா என் முகத்துக்கு வைத்தது. நான் தெளிவு, அவள் கலங்கல். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகக் கரைந்தாள்.

"கம்ப்யூட்டர்ல சாஃப் பண்ணலாம்ப்பா."

அவர் செய்து காட்டினார். முகம் தெளிந்தது. பல் வரிசை நேராக இருந்தது. அவளுக்கு ஒரு பல் மற்றொன்றின் மேல் ஏறியிருக்கும்.

"யார் இது?" என்றேன்.

அவர் பழையபடி மாற்றினார். என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் தரட்டுமா என்றார். இறந்தவரோடு உயிரோடிருப்பவர் இருக்கும் படத்துக்கு எங்களில் மாலை போட மாட்டோம். மகள் என்னைப் பார்த்தாள். நான் இல்லாவிட்டால் அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாது. வெட்ட வேண்டாம் என்றேன்.

"திதிக்கு?"

"கைப் படத்தப் பெருசா போடச் சொல்லு."

"முகமே இல்லாமயா?"

"வேண்டாம்னு சொன்னவ அவதான?"

அப்படியே செய்தோம். திதியன்று கைகளுக்கு மாலை போட்டோம். வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தழும்பைத் தொட்டுக் கும்பிட்டாள். போட்டோகிராபரும் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த இன்னொரு படம் சமையலறை ஜன்னல் பக்கம் இருக்கிறது. மாலை இல்லாமல். பதினொரு மணிக்கு அதன் மேல் வெளிச்சம் விழும். அப்போது போய் உட்காருவேன். படத்தில் நான் நேராகப் பார்க்கிறேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறாள். சத்தம் கேட்டது, நினைவிருக்கிறது. ஒரு தடவை திரும்பியிருந்தால் அந்த முகத்தை நான் பார்த்திருப்பேன். ஆடக் கூடாது என்றார். நான் ஆடவில்லை.